இடுப்பிலிருந்து கணைக்காலுக்கு: ஒட்டாத ஓர் எலும்பும் என்பு மச்சையும்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மே மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம். கொழுந்து நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கிய 47 வயதுப் பெண்ணின் வலது கால் கானுக்குள் சிக்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கால் சிக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கான் என்பது மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க மலைக்குக் குறுக்கே வெட்டிவைக்கும் வாய்க்கால். புல் மூடிய கான் கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் துணி சுற்றி, கொழுந்து லொறியில் ஏற்றி, எங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்க்க நான்கு மணித்தியாலம் ஆகிவிட்டது.

அவரை இங்கே ‘அக்கா’ என்றே எழுதுகிறேன். வார்டிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதில் அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த பதினாறு மாதங்களில், என்பு மச்சையிலிருந்து வரும் கலங்கள் காயத்தை ஆற்ற என்ன செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்ற இரண்டையும் இந்த ஒரே காலில் பார்க்கக் கிடைத்தது. இந்தியாவில் ‘எலும்பு மஜ்ஜை’, ‘செல்’, ‘திசு’ என்று எழுதுவதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் ‘என்பு மச்சை’, ‘கலம்’, ‘இழையம்’ என்று படித்தோம். எனக்குக் கை வருவது அதுதான்.

வந்தபோது இருந்த நிலை

கணைக்காலின் பெரிய எலும்பு கீழ் மூன்றிலொரு பங்கில் முறிந்து, ஆறு சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. பக்கத்துச் சிறிய எலும்பும் முறிவு. காயத்துக்குள் செம்மண், தேயிலைத் துணுக்கு. நீரிழிவு இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடுவார், நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

முறிவதற்கு இதைவிடக் கெட்ட இடம் காலில் இல்லை. அங்கே எலும்பை மூட முன்பக்கத்தில் தோல் மட்டும்தான், தசை கிடையாது. தசை இல்லாத இடத்துக்குக் குருதியும் குறைவு. எலும்பின் மேல் போர்வைபோல் ஒட்டியிருக்கும் என்புச் சுற்றுறை கிழிந்து சுருண்டு கிடந்தது. இந்த உறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வந்த அன்று நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

காயத்தைக் கழுவி, செத்த இழையத்தை வெட்டியெடுத்து, வெளியே கம்பிச் சட்டம் பூட்டினோம். இரண்டாம் நாள் மறுபடியும் கழுவினோம்.

புண் மூடிய விதம்

தோல்புண் மூட ஏழு வாரம் எடுத்தது. மெதுவாகத்தான் மூடியது, ஆனால் ஒழுங்காக மூடியது. தினமும் கட்டுப் பிரித்தவன் என்பதால் கட்டம் கட்டமாகப் பார்த்தேன்.

முதலில் ஓடிவருபவை குருதிச் சிறுதட்டுக்கள். மச்சையில் இருக்கும் பூதாகாரமான கலங்களின் உடைந்த துண்டுகள் அவை. ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். ஓட்டையை அடைப்பதோடு, உள்ளே பொதிந்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் கொட்டிவிடும். மற்றவர்களைக் கூப்பிடும் முதல் குரல் அதுதான். அடுத்த சில மணித்தியாலங்களில் நியூட்ரோபில் எனும் வெண்குழியங்கள் வந்து குவியும். ஆரோக்கியமான ஒருவரின் மச்சை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. வந்து, கிருமியைத் தின்று, அங்கேயே சாகும். இரண்டாம் மூன்றாம் நாள் கட்டில் மஞ்சளாக ஊறிக்கிடந்ததில் பெரும்பங்கு அவற்றின் பிணம்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “சீழ் வெச்சிருச்சிங்களா டொக்டர்?” என்று பயந்தார். அந்த நாளில் அது வராமலிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

மூன்றாம் நாளையொட்டி மச்சையிலிருந்து வந்த மொனோசைட் கலங்கள் குருதிக்குழாயை விட்டு இறங்கி, மக்ரோபேஜ் எனும் பெருந்தின்கலங்களாக மாறுகின்றன. காயம் ஆறும் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இதுதான். தொடக்கத்தில் தின்கிறது, துப்புரவு செய்கிறது. பிறகு குணத்தை மாற்றிக்கொண்டு, புதிய குருதிக்குழாய் முளைக்கவும் இழைநார் வளரவும் சமிக்ஞை கொடுக்கிறது. இதை மெய்ப்பித்த பழைய பரிசோதனை ஒன்று உண்டு. லெய்போவிச்சும் ரஸல் ரொஸ்ஸும் 1975இல் கினிப் பன்றிகளில் மொனோசைட்டையும் பெருந்தின்கலத்தையும் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். காயத்தில் குப்பை தேங்கியது, இழைநார் வளர்ச்சி பின்தங்கியது. வேறொரு பரிசோதனையில் நியூட்ரோபிலை மட்டும் இல்லாமலாக்கியபோது, கிருமி படாத காயம் வழக்கம்போலவே ஆறியது.

அதே ரொஸ்ஸின் குழு 1970இல் செய்த இன்னொன்றுதான் எனக்கு அதைவிட முக்கியம். இரண்டு எலிகளை உடலோடு உடல் ஒட்டித் தைத்து, ஒன்றின் குருதி மற்றதற்குள் ஓடும்படி செய்தார்கள். குருதிவழியே வரும் கலங்களுக்கு அடையாளமிட்டுக் காயத்துக்குள் தேடினார்கள். வெண்குழியங்கள் குருதிவழி வந்திருந்தன. வடுவை நெய்யும் நார்க்கலங்களோ அந்த இடத்து இழையத்திலேயே இருந்தவை. காயத்தில் மச்சை செய்யும் வேலையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்: துப்புரவுக்கும் மேற்பார்வைக்கும் ஆள் மச்சையிலிருந்து வருகிறது, சுவரைக் கட்டுவது ஊர்க்காரன்.

ஏழாம் வாரம் சட்டத்தைக் கழற்றி மாக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். அங்கேதான் சறுக்கியது.

எலும்பு ஒட்டவில்லை

இந்த மாதிரி முறிவு நான்கைந்து மாதத்தில் ஒட்டத் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் மாத எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை. எட்டாம் மாதமும் ஒன்றுமில்லை. ஒன்பதாம் மாதம் இரண்டு எலும்பு முனைகளும் கூர்மழுங்கி, பென்சில் தேய்ந்ததுபோல் மெலிந்து நின்றன. சிறிய எலும்பு மட்டும் எப்போதோ ஒட்டிவிட்டது. ஒன்பது மாதம் கடந்து, கடைசி மூன்று மாதங்களில் முன்னேற்றமே இல்லையென்றால் அதை ஒட்டா முறிவு என்று எழுதுவது வழக்கம். எழுதினோம்.

நடுவில் என்ன நடந்ததென்று அப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு இறங்க நாற்பது படி. ஊன்றக்கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். “தண்ணிய யாருங்க கொண்டாந்து குடுப்பாங்க?” என்றார். மாக்கட்டு தளர்ந்து உள்ளே கால் ஆடியது, கிளினிக் திகதி வரும்வரை அப்படியே இருந்திருக்கிறார். புகையிலை நிற்கவில்லை. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறல். ஈமோகுளோபின் 8.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துத்தான் இருந்தோம். ஒன்றுவிடாமல் குடித்தும் இருக்கிறார், தினமும் காலையில் பிளேன்டீயோடு. தேயிலையில் இருக்கும் தனின் வகைப் பொருட்கள் இரும்பைக் குடலிலேயே கட்டிப் போட்டுவிடும். தேயிலை நாட்டில் வேலை செய்யும் வைத்தியர்களான நாங்கள் மாத்திரைச் சீட்டில் ‘உணவுக்கு முன்’ என்று எழுதினோமே தவிர, எதோடு விழுங்குகிறீர்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் எங்கள் பக்கத்துத் தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்.

இரும்பு குறைந்தால் செங்குழியம் குறையும் என்பது தெரிந்த கதை. கொலாஜன் எனும் இழைநாரை முறுக்கி உறுதியாக்கும் நொதியத்துக்கும் இரும்பு வேண்டும், விற்றமின் சியும் வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இதற்கிடையில் கொழும்பில் கடையில் நிற்கும் மகன் ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருந்தார். ‘ஸ்டெம் செல்’ பவுடர். ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் சரக்கு. மகனின் சம்பளத்தில் பாதி அதற்குப் போயிருக்கிறது. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் எலும்பு முளைக்கும் என்று சொன்னார்களாம். பொடியாக்கிய கலத்துக்கு உயிர் கிடையாது. உயிரோடு இருந்தாலும் இரைப்பை அமிலம் விடாது. அப்பளம் போலத்தான் சமிபாடு ஆகும். அக்காவின் தாயார் வைத்துக் கொடுத்த ஆட்டுக்கால் சூப்பில் புரதமாவது இருந்தது.

மச்சைக்குள் இரண்டு குடும்பம்

சிவப்பு மச்சைக்குள் குருதியை உண்டாக்கும் குருத்துக் கலங்கள், அதாவது ‘ஸ்டெம் செல்’கள், ஒரு குடும்பம். ரொறன்ரோவில் டில், மக்குலொக் இருவரும் 1961இல் எலிகளில் இவற்றின் தடத்தைப் பிடித்தார்கள். மேலே சொன்ன சிறுதட்டு, நியூட்ரோபில், மொனோசைட் எல்லாம் இந்த வம்சம். அக்காவின் தோல்புண்ணில் வேலை செய்தவை இவைதான்.

இரண்டாவது குடும்பம் மச்சைக்குப் பந்தலாக நிற்கும் கலங்கள். மொஸ்கோவில் ஃபிரீடன்ஷ்டைன் 1960களிலும் 70களிலும் இவற்றைப் பிரித்தெடுத்து, வேறோர் இடத்தில் வைத்தாலும் எலும்பு உண்டாக்கும் என்று காட்டினார். 1991இல் ஆர்னல்ட் கப்லன் வைத்த பெயரால்தான் உலகம் முழுக்க ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்ற சொல் பரவியது. அதே கப்லன் 2017இல், ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள், இவை போன இடத்தில் புது இழையமாக மாறுவதைவிடச் சமிக்ஞை கொடுக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கின்றன என்று எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே பறிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. 2001இல், மாரடைப்பு வந்த எலியின் இதயத்தில் மச்சைக் கலங்களை விட்டால் அவை இதயத் தசையாகவே மாறுகின்றன என்று நியூயோர்க்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. உலகமே துள்ளியது. 2004இல் வேறு இரு குழுக்கள் கவனமாக அடையாளமிட்டுப் பார்த்தபோது, மச்சைக் கலம் இதயத் தசையாக மாறவில்லை, குருதிக் கலமாகவேதான் இருந்தது. 2001 கட்டுரையின் மூத்த ஆய்வாளரான பியரோ அன்வெர்சாவின் ஆய்வுகூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் பிரிகாம் வைத்தியசாலையும் சஞ்சிகைகளைக் கேட்டுக்கொண்டன. பவுடர் டப்பாவில் அச்சடித்திருந்த இதயப் படத்துக்கு வேர் அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எலும்பு மட்டும் இதில் சற்று வேறு. மச்சையின் பந்தல் கலங்கள் உண்மையிலேயே எலும்பாக்கும் கலமாக மாறக்கூடியவை, அது அவற்றின் பிறவித் தொழில். ஆனாலும் முறிவு ஆறும்போது பெரும்பங்கு கலங்கள் என்புச் சுற்றுறையிலிருந்துதான் வருகின்றன. அக்காவுக்குக் கிழிந்துபோனது அதுதான். ஊர்க் கொத்தன் இல்லை என்றால் வெளியூரிலிருந்து கூட்டிவந்து பார்ப்போமா என்று எங்கள் என்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் கேட்டார்.

செய்தது

வழி புதிதல்ல. இடுப்பெலும்பிலிருந்து மச்சையை உறிஞ்சி, ஒட்டாத கணைக்காலுக்குள் ஊசிவழி செலுத்தியதைக் கொனொலியும் ஷின்டலும் 1986இல் எழுதினார்கள். பிரான்சில் எர்னிகு குழு 2005இல் 60 பேரின் கணைக்கால் ஒட்டா முறிவுகளில் செறிவூட்டிய மச்சையைச் செலுத்திய கணக்கை வெளியிட்டது. 53 பேருக்கு ஒட்டியது. ஒட்டாத ஏழு பேருக்குக் கிடைத்த, எலும்பாக்கும் கலமாக மாறக்கூடிய முன்னோடிக் கலங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. எடுத்த மச்சையில் ஒரு மில்லிலீற்றருக்குச் சராசரி 612 முன்னோடிக் கலங்கள், செறிவூட்டிய பிறகு 2,579. அந்தக் கட்டுரையில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அதை மறந்துவிட்டு 53ஐ மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

முதலில் கிருமித்தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தினோம். தொற்று இருக்கும் எலும்பில் இதைச் செய்யக்கூடாது. ஆறு வாரம் இரும்பு கொடுத்தோம், இந்தத் தடவை தண்ணீரோடு, தேநீருக்கு இரண்டு மணித்தியாலம் தள்ளி. ஈமோகுளோபின் 10.6க்கு ஏறியது. புகையிலையை விட்டார். சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்துகிறது என்பது நன்றாகத் தெரிந்தது. வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றி அவ்வளவு ஆய்வில்லை, ஆனால் குருதிக்குழாயைச் சுருக்கும் நிக்கொட்டின் இரண்டிலும் ஒன்றுதான்.

சத்திரசிகிச்சைக்கூடத்தில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. அக்கா விழித்திருந்தார்.

“என்னாங்க டொக்டர், கால்லதானே முறிவு? இடுப்பப் போட்டுக் கொடையிறீங்க?”

“இடுப்பெலும்புல இருந்து மச்சை எடுத்துக் கால்ல விடப் போறோம் அக்கா.”

“கால் எலும்புலயும் மச்சை இருக்குந்தானே? ஆட்டுக்கால்ல இருக்குதே.”

படித்த மாணவர்களே கேட்காத கேள்வி. வளர்ந்தவர்களின் கால் எலும்பு நடுவில் இருப்பது மஞ்சள் மச்சை, பெரும்பாலும் கொழுப்பு. சிவப்பு மச்சை இடுப்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு, விலா என்று நடுவுடம்பில்தான் தங்கியிருக்கும். ஆட்டுக்காலைத் தட்டினால் வழிவதும் கொழுப்புத்தான் என்றேன். “அதானே ருசி!” என்றார். தாதி சிரித்துவிட்டார்.

தடித்த ஊசி இடுப்பெலும்பின் விளிம்பில் கிறீச்சிட்டு இறங்கி, திடீரென்று விட்டுக்கொடுத்தது. குருதி உறையாமலிருக்க ஹெப்பரின் தடவிய சிறிஞ்சில் வெடுக்கென்று இழுத்து இரண்டு மில்லிலீற்றர் மட்டும் எடுத்தோம். பிறகு ஊசியைத் திருப்பி, கொஞ்சம் ஆழம் மாற்றி இன்னும் இரண்டு. ஒரே இடத்தில் பத்து மில்லி இழுத்தால் பின்னால் வருவது வெறும் குருதி, மச்சை அல்ல. அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுச் சரித்துப் பார்த்தேன். குருதி வழிந்தோட, அரிசிக் குருணல்போல் எண்ணெய் மினுங்கும் மணிகள் தகட்டில் ஒட்டி நின்றன. அவைதான் மச்சை. இரண்டு பக்க இடுப்பிலுமாக 60 மில்லிலீற்றர் சேர்த்தோம். செறிவூட்டும் இயந்திரம் எங்களிடம் இல்லை, முன்னோடிக் கலங்களை எண்ணும் வசதியும் இல்லை. எக்ஸ்றே திரையைப் பார்த்தபடி முறிவு இடைவெளிக்குள்ளும் சுற்றிலும் மெதுவாகச் செலுத்தினோம்.

இன்னொன்றும் அதே மேசையில் நடந்தது. ஒட்டிப்போன சிறிய எலும்பு, பெரிய எலும்பின் இரண்டு முனைகளையும் நெருங்க விடாமல் முட்டுக் கொடுத்து நின்றது. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார் நிபுணர். பிறகு முழங்காலுக்குக் கீழே இறுக்கமாக வார்த்த புதிய மாக்கட்டு, இந்தத் தடவை ஊன்றி நடக்கச் சொல்லி.

விளைவும் சந்தேகமும்

பத்தாம் வாரம் இடைவெளியில் மங்கலான வெண்மை தெரிந்தது. ஐந்தாம் மாதம், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரண்டு படங்களில் நான்கு விளிம்பில் மூன்றில் எலும்பு பாலம் போட்டிருந்தது. மாக்கட்டைக் கழற்றினோம். கால் ஒரு சென்ரிமீற்றர் குட்டை, கணுக்கால் கொஞ்சம் இறுக்கம். இடுப்பில் ஊசி இறங்கிய இடங்களில் இரண்டு வாரம் வலி இருந்தது, வேறு சிக்கல் இல்லை.

மச்சைதான் ஒட்டவைத்ததா? என்னால் சொல்ல முடியாது. மச்சை, சிறிய எலும்பை வெட்டியது, இறுக்கமான கட்டு, ஊன்றி நடந்தது, இரும்பு, புகையிலையை விட்டது எல்லாமே ஒரே காலகட்டத்தில் மாறின. சிறிய எலும்பை வெட்டி ஊன்றி நடக்கவிட்டாலே ஒட்டிய முறிவுகள் உண்டு. சிறப்பு மருத்துவர்கள் இருவரிடம் கேட்டேன். ஒருவர் மச்சை என்றார், ஒருவர் மாக்கட்டு என்றார். என் சொந்த எண்ணம், ஒட்டும் எலும்பை மச்சை துரிதப்படுத்தியிருக்கலாம், ஆனால் ஆடிக்கொண்டும் வெளிறிக்கொண்டும் இருந்த அந்தப் பழைய காலுக்குள் அதே 60 மில்லியை விட்டிருந்தால் வீணாகியிருக்கும். ஆறு வாரம் காத்திருந்து இரும்பு ஏற்றியதைத்தான் நாங்கள் செய்த நல்ல காரியமாக நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் திறந்த முறிவோடு வரும் எல்லோருக்கும் முதல் வாரமே ஈமோகுளோபின் பார்க்கிறோம். மாத்திரை எதோடு, தண்ணீர் எங்கிருந்து, எத்தனை படி என்ற மூன்று கேள்விகளை அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் கையால் எழுதி வைத்திருக்கிறோம். அச்சடித்த படிவத்தில் அதற்கு இடமில்லை.

அக்காவால் சரிவில் ஏற முடியவில்லை. தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உதவிக்குப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் முன்னைப்போல் இல்லை என்றார். கடைசிக் கிளினிக்குக்கு வந்தபோது மருமகளையும் கூட்டிவந்திருந்தார், ஐந்து மாதக் கர்ப்பம்.

“இவளுக்கும் அந்தக் கறுப்பு மாத்திரதான் குடுத்திருக்காங்க டொக்டர். காலைல பிளேன்டீயோட முழுங்கப் போனா. கோப்பையப் புடுங்கி வெச்சிட்டேன்.”

மருமகள் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.